ஒன்றுமில்லாதவர் ஏன் வந்தார்?

லண்டனில் வைத்தியரைப் பார்க்கத் தனியாகத்தான் போகிறார்கள். இதை எழுதுவது 1949 மார்ச்சில். இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. மத்தியானத்திலேயே விளக்கேற்ற வைக்கும் மூடுபனி பழகிவிட்டது. ரேஷன் முட்டை பழகிவிட்டது. மழையைப் பற்றிப் பேசியே ஒரு முழு நட்பை நடத்தி முடிப்பதுகூடப் பழகிவிட்டது. வைத்தியசாலையில் காத்திருக்கும் அறை மட்டும் பழகவில்லை. சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். ஆளுக்கு ஒரு பத்திரிகை. முடிந்தவரை இரண்டு பேருக்கு நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். நோய் என்பது இங்கே வருமானத்தைப் போல, பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியக் கூடாத சமாச்சாரம்.

இந்தக் குளிர்காலத்தில் எனக்கு விடாத இருமல். சென்ற வருஷத்திலிருந்து இங்கே வைத்தியம் எல்லோருக்கும் இலவசம் ஆகிவிட்டதால் பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். என்னோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் யாழ்ப்பாணத்துக் கந்தையா, கேட்காமலே கோட்டை மாட்டிக்கொண்டு கூட வந்தார். நம்மவர்களுக்குள் இதற்கு அழைப்பு வேண்டியதில்லை. மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களில் யார் நோயாளி?"

"நான்."

"இவருக்கு என்ன?"

"இவருக்கு ஒன்றுமில்லை."

"ஒன்றுமில்லாதவர் ஏன் வந்தார்?"

கந்தையா உடனே பயந்துபோய், தமக்கும் கொஞ்சம் இருமல் உண்டு என்று சொல்லிவிட்டார். அவருக்கும் ஒரு சீட்டு எழுதி, தொண்டையைப் பார்த்து, ஒரு சீசா மருந்தும் கொடுத்தார்கள். திரும்பும் வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியை நான் முதல் தடவையாகக் கேட்கவில்லை. என் உத்தியோகத்தில் மூன்று வருஷம் அதே கேள்விக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருந்தேன்.

உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். ஆசியாவின் கரைகளிலும் பசிபிக் தீவுகளிலும் வாழ்கிறவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றி யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை என்று போர் முடிந்த கையோடு சில நல்ல மனிதர்களுக்குத் தோன்றியது. ஒரு முறை பார்த்து மருந்து கொடுத்துவிட்டு வருவதல்ல அவர்கள் எண்ணம். அதே மனிதனை, அதே நெஞ்சை, அதே காதுகளை, வருஷத்துக்கு ஒரு முறையாக இருபது வருஷம் பார்த்து வருவது. அதற்கு ஒரு கமிட்டி. கமிட்டிக்குப் பணம் தருகிறவர்கள் நாலைந்து இடங்களில் இருந்தார்கள். ஒரு நிதி டாக்டருக்குச் சம்பளம் தரும், டாக்டர் தங்கும் வீட்டுக்கு வாடகை தராது. இன்னொன்று எக்ஸ்ரே பிலிமுக்குத் தரும், பிலிமைக் கழுவும் தண்ணீருக்குத் தராது. வேறொன்று தீவுகளுக்கு மட்டும்தான் தரும். இவற்றை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு ஓர் ஆய்வாக நிற்க வைப்பது என் வேலை. இருபது வருஷ ஆய்வுக்கு இவர்கள் எல்லோருமே ஒவ்வொரு வருஷமாகத்தான் பணம் ஒதுக்கினார்கள். இதில் இருந்த விநோதத்தை நான் ஒரு தடவை சொல்லிக் காட்டினேன். நல்ல ஹாஸ்யம் என்று சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கரைகளில் தூத்துக்குடியும் ஒன்று. "முத்துக்குளிப்பவர்கள்" என்ற சொல்லுக்காகவே ஒரு சீமாட்டி நன்கொடை கொடுத்திருந்தாள். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாயிற்று. இப்போது குளிப்பதெல்லாம் சங்கு. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்குப் போகிற சங்கு. இதை எழுதிக் கொடுத்தேன். காரியதரிசி மிஸ் ஹார்ட்லி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றாமலே பேசுகிற நேர்மையான பெண்மணி, "சங்குக்கு யாரும் பணம் தரமாட்டார்கள்" என்றாள். முத்தென்றே இருந்தது.

1946இல் இந்த ஆய்வைத் தொடங்கிவைக்க என்னையே அனுப்பினார்கள், "ஊர்க்காரர்" என்பதால். நான் தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் நாசரேத்துக்காரன். பனைமரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் வளர்ந்தவன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. லண்டன் வரைபடத்தில் நாசரேத்தும், சங்கு குளிக்கிறவர்களின் ஊரான கீழவைப்பாரும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடுவதால் அவர்கள் மேல் தப்பில்லை. போரில் ராணுவத்துக்கு மிஞ்சிய எக்ஸ்ரே மெஷின் ஒன்று எனக்குப் பின்னால் கப்பலில் வந்தது. தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வராது. ஆழமில்லாததால் தூரத்தில் நின்றுகொள்ளும். சரக்கெல்லாம் தோணியில்தான் வர வேண்டும். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள நானும் தோணியில் போனேன். பெட்டிக்குள் என்ன என்று தோணிக்காரர் கேட்டார். நெஞ்சுக்குள் இருப்பதைப் படம் பிடிக்கிற மெஷின் என்றேன்.

"அப்பம் மனசுல உள்ளதெல்லாம் தெரிஞ்சிருமோ?"

"அது தெரியாது."

"தெரியாம இருக்கதுதாம்வே நல்லது. ஏலே, பெட்டியப் பைய எறக்கு."

டாக்டராக எஸ்தர் என்ற பெண்மணி கிடைத்தார். அவரும் நாசரேத்துதான். மின்சாரம் டவுனில் மட்டுமே இருந்ததால் கடலுக்குப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து மெஷினை நிறுத்தினோம். கீழவைப்பார்க் குளியாட்கள் பஸ்ஸில் வந்துபோக ஆளுக்கு இவ்வளவு என்று படிப்பணம் தர ஏற்பாடு. முதல் நாள் வாசலைப் பார்த்ததும் பட்டியலை எடுத்து மறுபடி எண்ணினேன். கூப்பிட்டதைப்போல் இரண்டு மடங்கு ஆட்கள். டாக்டரம்மா ஒருவரைக் கூப்பிட்டால் இருவர் எழுந்து உள்ளே வந்தார்கள்.

"நீங்க யாரு?"

"நான் மச்சான்."

அடுத்த ஜோடி. "நீங்க?" "மச்சான்." அதற்கடுத்ததும் மச்சான். வாசல் முழுக்க மச்சான்கள்.

விஷயம் இதுதான். சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயிற்றோடு கல்லைப் பிடித்துக்கொண்டு அடியில் இறங்குகிறான். மேலே வள்ளத்தில் ஒருவன் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் அசைத்ததும் இழுத்துத் தூக்க வேண்டும். ஒரு கணம் கவனம் பிசகினால் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? கூடப் பிறந்தவனிடம் கொடுப்பதில்லை. அவனுக்குச் சொத்தில் பங்கு உண்டு. மனைவியின் சகோதரனிடம்தான் கொடுப்பார்கள். தங்கை தாலியறுப்பதை எந்த அண்ணன் விரும்புவான்? அந்தக் கரையில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளையின் மூச்சைப் பார்க்கிறார்கள், பெண் எடுக்கிறவர்கள் மைத்துனனின் கையைப் பார்க்கிறார்கள்.

அப்படி வந்த ஜோடிகளில் ஒன்று சூசையும் லூர்தும். சூசை நல்ல குளியாள், உடம்பெல்லாம் உப்பேறிய கறுப்பு, வாய் ஓயாது. லூர்து அவன் மனைவி மரியாளின் அண்ணன். பேச வேண்டியதையெல்லாம் மாப்பிள்ளையே பேசிவிடுவதால் இவர் பேசுவதில்லை. மூச்சடக்கும் பரிசோதனைக்கு டாக்டரம்மா சூசையை நாற்காலியில் உட்கார வைத்தார். கையில் கடிகாரம். சூசை சுற்றுமுற்றும் பார்த்தான்.

"கயிறு எங்க டாக்டரம்மா?"

"எதுக்குக் கயிறு? நீங்க தரையிலதான இருக்கிய."

"தரையோ தண்ணியோ, மூச்சப் பிடிக்கணும்னா மச்சான் கையில கயிறு இருக்கணும்லா."

சும்மா முயன்று பாருங்கள் என்று டாக்டரம்மா வற்புறுத்தினார். அவன் பிடித்த மூச்சு என் மூச்சைவிடக் குறைவாக இருந்தது. கடைசியில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கட்டுத்துணிச் சுருள் ஒன்றை எடுத்து ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டி, மறுமுனையை லூர்திடம் கொடுத்தார். லூர்து அதைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு முன்னால் குனிந்து நின்றார். அதற்குப் பிறகு சூசை அடக்கிய மூச்சைப் பார்த்து டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அன்று முதல் பரிசோதனைச் சாமான்களோடு கட்டுத்துணிச் சுருளும் சேர்ந்துகொண்டது.

அன்று வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டே சூசை என்னைக் கேட்டான்: "லண்டன் அண்ணாச்சி, ஒமக்கு அங்கன யாரு கயிறு பிடிக்கா?"

நான் கல்யாணம் ஆகாதவன். "கமிட்டிதான்" என்றேன், வேடிக்கையாக.

"அப்பம் ஆழத்துல எறங்கிராதியும்" என்றான்.

அந்த முதல் வருஷப் படங்களில் சூசையின் நெஞ்சில் வலது பக்கம் ஒரு நிழல் தெரிந்தது. ஆறிப்போன பழைய வடுவாக இருக்கலாம். தொடங்கிக்கொண்டிருக்கிற க்ஷயமாகவும் இருக்கலாம். ஒரு படத்தை வைத்துச் சொல்ல முடியாது, அடுத்த வருஷமும் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும் என்றார் டாக்டரம்மா. இருபது வருஷ ஆய்வு என்ற பெரிய பேச்சுக்கெல்லாம் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சூசைக்கு மூன்று பிள்ளைகள்.

நான் லண்டன் திரும்பிக் கணக்கைச் சமர்ப்பித்தேன். உடன் வந்தவர்களுக்குப் படி என்ற வரியில் மிஸ் ஹார்ட்லியின் பென்சில் நின்றது. "இவர்களைப் பரிசோதித்தீர்களா?" இல்லை. "இவர்களுக்கு நோய் உண்டா?" தெரியாது, இல்லையென்று நினைக்கிறேன். "ஒன்றுமில்லாதவர்கள் ஏன் வந்தார்கள்?"

கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நின்று மைத்துனனின் மகிமையைப் பற்றி விளக்கினேன். தலை நரைத்த ஓர் அங்கத்தினர், "என் மைத்துனன் கையில் கயிறு கிடைத்தால் என்னைத் தூக்கில் போடுவான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு ஓய்ந்ததும் வரியை அடித்துவிட்டார்கள். அதே கூட்டத்தில் ஒரு பசிபிக் தீவின் கணக்கும் வந்தது. அங்கே சிப்பி குளிக்கிறவன் ஒருவனைக் கூப்பிட்டால் குடும்பமே வந்து முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறதாம். அங்கேயிருக்கும் டாக்டர் கிழங்குக்கும் விறகுக்கும் பணம் கேட்டிருந்தார். "விருந்து" என்று தலைப்பிட்டு அதையும் அடித்தார்கள். நான் பார்த்தேயிராத அந்தத் தீவு எனக்கு ரொம்ப வேண்டிய ஊராகிவிட்டது.

1947இல் கீழவைப்பாரிலிருந்து பாதிப் பேர்கூட வரவில்லை. மச்சானுக்குப் படி இல்லையென்றால் மச்சான் வர முடியாது. மச்சான் இல்லாமல் குளியாள் வரமாட்டான். சூசையும் வரவில்லை. டாக்டரம்மா ஆள் அனுப்பினார். சீசன் முடியட்டும் என்று பதில் வந்தது. அந்த நிழலோடு அவன் தினமும் கடலடியில் இறங்கிக்கொண்டிருந்தான். அந்த வருஷமே நாடு சுதந்திரம் அடைந்தது. ஆபீசில் எல்லோரும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்த வாரம், பேரரசுக்குள் இருக்கிற மக்களுக்கு மட்டுமே தருகிற ஒரு நிதி, இனி எங்கள் கரை தன் பொறுப்பில் சேராது என்று மரியாதையாகத் தெரிவித்தது.

காப்பாற்றியது கமிட்டிக்குப் புதிதாக வந்த ஒரு கணித நிபுணர். குளிக்கிறவர்களை மட்டும் பார்த்தால் போதாது, ஒப்பிட்டுப் பார்க்க அதே ஊர்க்காரர்கள், அதே சாப்பாடு, அதே காற்று, ஆனால் கடலில் இறங்காதவர்கள் வேண்டும், அவர்கள் இல்லாவிட்டால் ஆய்வே வீண் என்றார். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்க மூன்று நிதிகள் போட்டி போட்டுக்கொண்டு பணம் ஒதுக்கின. நான் அன்று மாலையே எழுதினேன்: அதே வயது, அதே வள்ளம், அதே சோறு, தண்ணீரில் இறங்காதவர்கள், தேட வேண்டியதில்லை, வாசலில் நிற்கிறார்கள். தீவின் கிழங்கு தின்கிற குடும்பத்தையும் அதே தலைப்பில் சேர்த்தேன். இரண்டு கடல்களின் உபரி மனிதர்களும் ஒரே நாளில் விஞ்ஞானத்துக்கு இன்றியமையாதவர்கள் ஆனார்கள். எந்த நோயுமில்லாமல் வர வேண்டியிருப்பதால் இவர்களுக்கு ஊக்கமாகச் சற்று அதிகப் படி தரலாம் என்றும் தீர்மானித்தார்கள்.

1948 தொடக்கத்தில் நான் மறுபடி தூத்துக்குடி போனபோது வாசலில் பழைய கூட்டம் நின்றது. சூசையின் குரல் தெருமுனையிலேயே கேட்டது.

"இது என்ன நியாயம் அண்ணாச்சி? மூச்சப் பிடிக்கவனுக்குக் கொறச்சலு, கயிறு பிடிக்கவனுக்குக் கூடவா? நானும் நாளையிலேருந்து கயிறு பிடிக்கேன். நீரு லண்டன்லேருந்து ஒரு ஆள எறக்கிவிடும்."

லூர்து அன்றைக்குச் சிரித்தார். நான் பார்த்த வரையில் அதுதான் முதல் தடவை.

சூசையின் இரண்டு படங்களையும் டாக்டரம்மா வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் பிடித்தார். நிழல் வளரவில்லை. பழைய வடுதான். சூசை கிட்டங்கித் தூணைத் தட்டித் தாளம் போட்டான். அடுத்து லூர்தின் படம். அவர் நெஞ்சை இதுவரை யாரும் பார்த்ததில்லை. பார்க்கக் காரணம் இருந்ததில்லை. டாக்டரம்மா அதை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். விஷயம் தெரியாத எனக்கே தெரிந்தது. இரண்டு பக்கமும் மேகம் போட்டிருந்தது.

தந்தி கொடுத்தேன். கமிட்டியிலிருந்து வந்த பதிலில் தவறு என்று எதையும் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்டவர்கள் ஆரோக்கியமானவர்களாக இருக்க வேண்டும். ஆகவே இவர் அந்தப் பிரிவிலிருந்து நீக்கப்படுகிறார். குளியாள் அல்ல, ஆகவே அந்தப் பிரிவிலும் சேர்க்க முடியாது. சிகிச்சை செய்வது ஆய்வின் வேலையல்ல. வருத்தத்துடன், மிஸ் ஹார்ட்லி. வருத்தம் உண்மையானது. பின்னால் அவள் தன் சொந்தக் கைப்பணத்தில் ஒரு சிறு தொகை அனுப்பினாள். எந்தத் தலைப்பிலும் எழுத வேண்டாம் என்றாள்.

லூர்தை ஊரிலிருந்து தூரத்தில் இருக்கும் ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், மாதக்கணக்கில். டாக்டரம்மாவும் நானும் செலவை எந்தெந்த நிதியோடு முடிச்சுப் போடலாம் என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தோம். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபடியே கீழவைப்பார்க்காரர்கள் பேசி முடித்துவிட்டார்கள். ஒரு நாள் குளிப்பில் வருவதைக் கோயிலுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். இந்த முறை அதை லூர்துக்குக் கொடுக்கலாமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். மாதா கோவிச்சுக்க மாட்டா என்று அவரும் சொல்லிவிட்டார். இருபது வருஷத்துக்குத் திட்டம் போடுகிற நாங்கள் இரண்டு மாதத்துக்குச் செய்ய முடியாததை அவர்கள் காப்பி ஆறுவதற்குள் செய்துவிட்டுக் கலைந்தார்கள்.

டாக்டரம்மாவும் நானும் தூத்துக்குடி ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். லூர்து ஜன்னலோரம் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். சூசை ஒரு மூட்டையையும் ஒரு தூக்குச்சட்டியையும் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினான். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நீரும் போறீரா? சங்கு சீசனாச்சே."

"மச்சான் இல்லாம ஆரு கையில கயிறக் குடுக்கச் சொல்லுதீரு?"

மரியாள் பிளாட்பாரத்தில் நின்று, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கண்ணன் இவுகள இத்தன வருசமா மேல தூக்கி எங்கிட்டக் குடுத்திருக்காவ. இப்பம் இவுக போயித் தூக்கிட்டு வரட்டும்."

ஒட்டுகிற நோய், நெருங்கி உட்காரக் கூடாது என்று டாக்டரம்மா மறுபடி எச்சரித்தார். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். அங்கே ஆழத்தையெல்லாம் பாகத்தில்தான் அளப்பார்கள். சூசை கைகளை விரித்துக் காட்டினான். "ரெண்டு பாகம் தள்ளியே இருந்துக்கிடுதேன் டாக்டரம்மா. பன்னெண்டு பாகத்துலயே எங்கள ஒண்ணும் பிரிக்க முடியல." லூர்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "மாப்ள, பேச்சக் கொறயும், வண்டி கெளம்புது" என்றார்.

அந்த சீசன் முழுக்க சூசை கடலில் இறங்கவில்லை. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் விறகு பிளந்தான். வருஷ முடிவில் லண்டனில் நான் கணக்கெழுதும்போது அவன் பெயருக்கு எதிரே "தொழிலை விட்டவர், பின்தொடர முடியவில்லை" என்று போட வேண்டியிருந்தது. லூர்தின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. எங்கள் ஆய்வு ஓர் உயிருக்கு உதவிய ஒரே ஜோடி அதுதான். அது மட்டும் ஆய்வுக்குள் அடங்கவில்லை. டாக்டரம்மா கடைசியாக எழுதியதில், லூர்துக்கு எடை கூடியிருக்கிறதென்றும், இன்னும் சில மாதம் ஆகுமென்றும் இருந்தது. பார்க்கப் போனவர்களிடம் சூசை சொன்னானாம்: "ஆளு இன்னும் அடியிலதான் இருக்காரு. அசைச்சா தூக்கிருவேன்."

சென்ற வாரம் என் இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கந்தையாவுக்கு வேலை நாள், தனியாகப் போனேன். மேஜை அம்மாள் என்னை மட்டும் பார்த்ததும் திருப்தியாகத் தலையசைத்தாள். உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலி காலி. என்னையறியாமல் கைக்குட்டையை எடுத்து அதன் மேல் போட்டேன், தூத்துக்குடி பஸ்ஸில் வரப்போகிறவருக்கு இடம் பிடிக்கிற மாதிரி. அறை நிரம்பிக்கொண்டிருந்தது. ஒரு கிழவர் வந்து, இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பணிவாகக் கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் கைக்குட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வருத்தம் தெரிவித்துவிட்டு வேறு நாற்காலி தேடிப் போனார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். கைக்குட்டையை எடுக்காமலே உள்ளே போனேன்.